மிஞ்சிய ஸ்க்ரூக்கள்

டிஷ்வாஷரின் அடியில் அழுக்குத் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. அதன் எதிரே அத்தான் சம்மணமிட்டு, ஸ்க்ரூடிரைவரை விரல்களில் உருட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். "நானே கழட்டிப் பாத்துடவா?" அக்கா ஜன்னலோரக் கிண்ணத்தைப் பார்க்கிறாள். போன தடவை அத்தான் வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டியபோது மிஞ்சிய ஸ்க்ரூக்கள் அதில் வெயில் பட்டு மின்னுகின்றன. அவர் கண்ணும் அங்கேதான் போகிறது. குழாய் சொட்டுகிறது. ஸ்க்ரூடிரைவர் மெல்லத் தரையில் இறங்குகிறது. "பேசாம மெக்கானிக்கையே கூப்பிட்டுடலாமா?" கேட்டு வாய் மூடுவதற்குள் வாசல் மணி அடிக்கிறது. "அவர்தாங்க. காலைலயே சொல்லிட்டேன்" என்று அக்கா கதவுப் பக்கம் நழுவுகிறாள். கோபம் வரவேண்டிய அத்தானிடமிருந்து நிம்மதிப் பெருமூச்சுதான் வருகிறது. அத்தான் அவசரமாக எழுந்து, கதவு திறக்கும் முன்னே கிண்ணத்தை அலமாரிக்குள் ஒளித்துவைக்கிறார்.