பின்சுவர் ஒன்பது அடி

ஹெட்போனை மாட்டினாலும் அறை முழுக்க ஒலிப்பதுபோல் கேட்க, முதலில் அந்த அறையை அளக்க வேண்டும். ஒலிப்பதிவாளர் இரண்டு காதிலும் குட்டி மைக்கைச் செருகி, நடுவில் நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்தார். ஸ்பீக்கர்கள் வரிசையாகக் கூவி ஓய்ந்தன. ஒலி எங்கே பட்டுத் திரும்பியது என்று எதிர்மேசைத் திரை காட்டியது: பின்னால், இரண்டு அடி. பின்சுவரோ ஒன்பது அடி தள்ளி இருந்தது.

மனைவி மேல்தான் சந்தேகம். "பின்னாடி வந்து நின்னியா?"

"என்னை வெளிய தள்ளித் தாழ்ப்பாள் போட்டதே நீங்கதானே!"

மறுபடி அளந்தார். ஒரு அடி.

"யாருக்குக் காது குத்தற?" என்று கருவியைத் திட்டிவிட்டு, நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டார். இனி எவன் பின்னால் நிற்பான்?

மூன்றாம் முறை, பின்னால் சுவர் மட்டுமே. பெருமூச்சு விட்டார். திரையில் அடுத்த வரியும் தெளிவாகவே தெரிந்தது. அவருக்கும் திரைக்கும் நடுவில் எதுவும் மறைக்கவில்லை.

முன்னால், அரை அடி.