பத்தாவது ஆள்

வரிசையில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

நர்ஸ் எலியானா குப்பியைத் திறக்கவில்லை. ஒரு குப்பியில் பத்துப் பேருக்குத் தடுப்பூசி மருந்து. திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும், மிச்சம் குப்பைக்கு. பத்து சேராவிட்டால் அடுத்த வாரம்தான்.

காட்டில் காப்பி பறிக்க ஆட்களை ஏற்றிப் போகிற லாரி இன்னும் பத்து நாளில் மலையிறங்கும். இன்று குத்தினால்தான் அதற்குள் உடம்பில் பிடிக்கும்.

போன அறுவடைக்கு ஊசியில்லாமல் போன நாற்பது பேரில் மூன்று பேர் மஞ்சள் காய்ச்சலில் செத்தார்கள். மூன்றாவது ஆள், இப்போது வரிசையில் நிற்கும் யோவானாவின் புருஷன். இந்த முறை அவன் இடத்துக்கு அவள் போகிறாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நெஞ்சுக்குள் இருக்கும் சுரப்பியை ஆபரேஷனில் எடுத்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. மருந்தே நோயாகி உயிரை எடுக்கலாம்.

எடுக்கலாம். எடுக்காமலும் போகலாம். யோவானா அதை இரண்டு முறை படித்தாள்.

வாசலில் கிழவர் அனாக்லெட்டோ, வண்டியில் வைத்து பார்லிக் கஷாயம் ஆற்றிக்கொண்டிருந்தார். பத்தாவது ஆளாக முதலில் அவரைக் கைகாட்டியது யோவானாதான்.

மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "வருஷம் பூரா எங்க நாக்கைச் சுட்டீங்களே பெரியவரே, ஒரு எறும்புக்கடி தாங்க மாட்டீங்களா?"

கஷாயம் விற்கிறவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று அவர் சிரித்தார். இரண்டு பேர் தோளைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். நெஞ்சில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டாள்.

கிழவர் யோவானாவைப் பார்த்தார். அறை முழுக்க அவளைப் பார்த்தது.

"இல்ல," என்றாள் யோவானா.

"அவரைக் கேட்டா நீ சொல்ற? உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"என் மகதாம்மா," என்றார் கிழவர். "அவளுக்குத் தெரியாததா?"

சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். நான்கு வருஷம் முன்பு, ஒரு மாதம் முழுக்க அவள் துடைத்துக் கட்டிய நெஞ்சுப் புண்ணின் தழும்பு உள்ளே போயிற்று. பிறகு சட்டைக் கையை மட்டும் சுருட்டிக்கொண்டு நின்றார்.

நர்ஸ் குப்பியைத் திறந்தாள்.

வயசானவர் நிற்கிறாரே, முதலில் அவருக்கே போடுங்கள் என்று வரிசை மரியாதையாக விலகி வழிவிட்டது.