அரக்கில் பதிந்த கட்டைவிரல்

பீப்பாயின் வாயை மூடியிருந்த சிவப்பு அரக்கைப் பார்த்ததும் நெல்லோ சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"இது என் விரல் இல்ல."

நான் குனிந்து பார்த்தேன். அரக்கு இறுகுவதற்குள் அதில் கட்டைவிரலை அழுத்துவது இந்தக் குடும்பத்தின் பழக்கம். எட்டு வருடத்துக்கு முன் அழுத்தியவர் நெல்லோ, என் கணவர். அவருக்கு நீள விரல். இங்கே பதிந்திருந்ததோ நுனியில்லாத மொட்டை விரல்.

திராட்சைக் கொடி வெட்டும் கத்தரிக்கு நுனியைப் பறிகொடுத்த கட்டைவிரல் இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், அவர் தம்பி சில்வானோவின் வலது கையில்.

மாமனார் இறந்ததும் வீட்டைக் குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்தார்கள். தோட்டத்தை ஓடையை எல்லையாக வைத்துப் பிரித்தார்கள். தாயை மட்டும் பிரிக்க முடியவில்லை.

தாய் என்பது வின் சாந்தோ என்னும் தித்திப்பு ஒயினின் பீப்பாய் அடியில் தங்கும் கெட்டி வண்டல். பாலுக்கு உறை மாதிரி. உலர்ந்த திராட்சையின் சாற்றை அதன்மேல் ஊற்றி மூடிவிட்டால் எட்டு வருடம் திறக்கக் கூடாது. அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மாமனாரின் தாத்தா காலத்திலிருந்து வருவது. சில்வானோ பாதி கேட்டான். பிரித்தால் செத்துவிடும் என்று நெல்லோ முழுவதையும் தன் பீப்பாயில் போட்டு மூடினார்.

பீப்பாய் இருக்கும் பரண் இரண்டு வீட்டுக்கும் மேலே நீளமாக ஓடுகிறது. கதவு எங்கள் பக்கம் மட்டும்தான். அதன் சாவியை நெல்லோ கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றோடு அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

நேற்றுப் பிழிந்த சாறு கீழே அண்டாவில் காத்திருந்தது. தாய் இல்லையென்றால் அது வெறும் தித்திப்புத் தண்ணீர். இனி வரும் எல்லா வருடத்துச் சாறும் அப்படித்தான்.

"மொத்தத்தையும் வழிச்சுட்டுப் போயிட்டான், லேதா."

முதலில் திறந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவரைவிட எனக்குத்தான் அவசரம்.

அரக்கை உடைத்து, தக்கையைப் பிடுங்கி, டார்ச் அடித்தார். ஒயின் ஏறக்குறைய வாய் வரை நின்றது.

நிறைந்த பீப்பாயைப் பார்த்தால் சியேனா நகரத்துக்காரன் சந்தோஷப்படுவான். எங்களுக்கு அது கெட்ட சகுனம். பரணின் வெயிலும் குளிரும் எட்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது குடித்துவிடும். குறையவில்லை என்றால் யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள்.

தண்ணீர்தான் என்றார் நெல்லோ. தம்பியைத் திட்டிய திட்டில் அவருடைய அப்பாவும் சேர்ந்து அடிபட்டார்.

கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி, நாக்கில் வைத்தார். திட்டு பாதியில் நின்றது. குழாயை என்னிடம் நீட்டினார்.

தண்ணீர் இல்லை. முதலில் எங்கள் ஒயின், உலர்ந்த அத்தியும் வால்நட்டுமாக. பிறகு மெதுவாக ஒரு புளிப்பு. ஓடைக்கு அந்தப் பக்கம் வெயில் ஒரு மணி நேரம் முன்பே போய்விடும். சில்வானோவின் திராட்சை எல்லாவற்றிலும் அந்தப் புளிப்பு உண்டு.

திருட வந்தவன் தன் ஒயினை ஏன் ஊற்றிவிட்டுப் போக வேண்டும்?

மாமனாரின் அளவுக் குச்சியை அடிவரை விட்டு எடுத்தார். நுனியில் கருஞ்சேறாக ஒட்டியிருந்தது தாய். மாமனார் கத்தியால் கீறி வைத்திருந்த கோட்டைச் சரியாகத் தொட்டது. ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நெல்லோ மண்டியிட்டுப் பீப்பாயின் அடிவயிற்றைத் தடவினார். கை ஓரிடத்தில் நின்றது. பலகையில் ஒரு வெடிப்பு. அதில் நாணல் திணித்து, மேலே அதே சிவப்பு அரக்கு பூசியிருந்தது. நேர் கீழே, பரணின் தரையில் ஒரு பழைய கறை. அந்தத் தரைக்கு அடியில் இருப்பது சில்வானோவின் கட்டில்.

எப்போதோ ஒருநாள் அவன் தலைமேல் தித்திப்பாகச் சொட்டியிருக்கிறது.

ஒழுகுகிறது என்று சொல்லப் பேச்சுவார்த்தை இல்லை. அடைத்திருக்கிறான். போனதற்கு ஈடாகத் தன்னுடையதை ஊற்றியிருக்கிறான். திரும்ப மூடும்போது பழக்க தோஷத்தில் விரலை வைத்து மாட்டிக்கொண்டான்.

நெல்லோ எழுந்தார். பிறகு ஜன்னலைத் திறந்து, எட்டு வருடத்தில் முதல் தடவையாக, தம்பி வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் மொட்டவிரலு, ரெண்டு கிளாஸ் எடுத்துக்கிட்டு மேல வா."

என் பக்கம் திரும்பிப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். சாவி இந்தப் பையை விட்டு ஒருநாளும் நகரவில்லையே, அவன் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்டார். எனக்கும் அதுதான் புரியவில்லை என்றேன்.

படியில் காலடி கேட்டது. சில்வானோ அண்ணனை நேராகப் பார்க்காமல் வந்து, கிளாஸ்களைப் பலகையில் வைத்தான்.

மூன்று.

நெல்லோ மூன்றாவது கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. துணி காயப்போடும் இடத்துக்கு வந்து, "அண்ணி, ஒரு மணி நேரம் அந்தச் சாவி வேணும். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க" என்றான். நான் கேட்கவில்லை. என்ன செய்தான் என்று தெரியாமலே இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

அவர் கால்சட்டையைத் துவைக்கிறவள் நான்தானே.