மிஞ்சிய ஊசி

நாய் கடித்த பிறகு தெருவில் இறங்கவே எனக்கு நடுக்கம். மருத்துவர் ஒரு பெட்டி பெப்டைடு ஊசி எழுதிக் கொடுத்தார். மரபணு இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் மீத்தைல் முத்திரை குத்தும் நொதிக்கூட்டத்தை அந்த மருந்து ஏவிவிடும். முத்திரை விழுந்ததும் பயத்தின் மரபணு வாயை மூடிக்கொள்ளும். மூன்றே ஊசியில் எனக்குச் சரியாகிவிட்டது.

நான்காவது ஊசி ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நல்ல மருந்த வீணாக்கவா சொல்லுதீங்க?" என்றாள் என் மனைவி பிளாரன்ஸ்.

எங்கள் மகள் நிவினாவுக்கு ஆறு வயது. இடி இடித்தால் அலறிக்கொண்டு ஓடிவந்து என் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள்.

"ஸ்கூல்ல எல்லாரும் பிள்ளைய கேலி பண்ணுதாங்க. பாதி போட்டாப் போதும்" என்றாள் பிளாரன்ஸ்.

நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிளாரன்ஸ் ஊசியைப் போட்டாள்.

நேற்று மாலை ஐப்பசி மழை. முதல் இடி விழுந்ததும் என் கை தானாகவே சட்டைப் பொத்தானைக் கழற்றியது. நிவினா வரவில்லை. ஜன்னலோரம் நின்று மின்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாரன்ஸ் என்னைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள். மருத்துவரிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று. விழுந்த முத்திரையை அழிக்க மருந்து இல்லையாம்.

அடுத்த இடி கட்டடத்தையே உலுக்கியது.

"நிவி, அப்பாட்ட வாம்மா" என்று கூப்பிட்டேன்.

திரும்பியவள் என் திறந்த சட்டையையும் நீட்டிய கைகளையும் பார்த்தாள். மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதீங்கப்பா. வெறும் இடிதான்."