டெல்மரின் ஏழு துப்பாக்கிகள்

"உன் வீட்டுத் துப்பாக்கி அலமாரி காலியா இருக்கு. ஏழும் எங்க டெல்மர்?"

அமெரிக்காவின் மொன்டானாவில், அரசாங்கத்தை நம்பாத ஊர்க்காரர்கள் தாங்களே திரட்டிய ஆயுதப் படைக்கு ஆரின்தான் தலைவர். டெல்மர் மூன்று வாரமாகப் பயிற்சிக்கு வெறுங்கையோடு வரவும் சந்தேகப்பட்டு, அவன் வீடு வரை போய்ப் பார்த்துவிட்டு, அவனைத் தன் வீட்டுக்கு வரவழைத்திருந்தார்.

"பத்திரமா இருக்கு, கேப்டன்."

"யார்கிட்ட? அரசாங்கத்துக்கிட்டயா? எத்தனை நாளா உளவு சொல்றே?"

"உளவா? இருபது வருஷமா உங்ககூட மான் வேட்டைக்கு வர்றவன்யா நான்!"

"அப்ப சொல்லு. இல்லேன்னா படையை விட்டுப் போ. இந்த ஊர்ல ஒருத்தன் உன்கூடப் பேசமாட்டான்."

டெல்மர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். காபி கொண்டுவந்த ஆரினின் மனைவி ஜோலீன், கோப்பையை நங்கென்று வைத்தாள்.

"நம்ம வீட்டு நிலவறையிலதான் இருக்கு. பூட்டி வச்சது நான்."

"நீயா? எதுக்கு?"

"இவர் பெண்டாட்டியைப் புதைச்ச மறுநாள் கொண்டுவந்தார். 'தனியா உட்கார்ந்தா கை தானா அதுங்க பக்கம் போகுது ஜோலீன், நான் உயிரோட இருக்கணும்'னு அழுதார்."

ஆரினின் குரல் இறங்கியது. "எங்கிட்ட ஏண்டா சொல்லலை?"

"வாராவாரம் பயிற்சியில நீங்கதானே கேப்டன் கத்துவீங்க, துப்பாக்கியை விட்டுக் குடுக்கறவன் கோழைன்னு?"