எட்டு போட்ட அக்கா

மில் மைதானத்தில் ஒரு பழைய கார் எறும்பு ஊர்வதுபோல் எட்டு போட்டுக்கொண்டிருந்தது. ஓட்டியவள் நாற்பதைத் தாண்டிய வெங்கடலட்சுமி. புத்தி சொல்லாமல் போவது அவ்வழியே வந்த சசிதருக்குப் பழக்கமில்லை. தன் ஸ்போர்ட்ஸ் காரைப் பக்கத்தில் நிறுத்தினான்.

"ஏனுங்க்கா, இந்த வயசுல லைசென்ஸுங்களா? செவுத்துல இடிச்சுப்போடாதீங்க!"

"பாத்துக்கறேனுங்க தம்பி. உங்க வண்டி புதுசுங்களா?"

"வண்டி பழசுதானுங்க. நேத்துத்தான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் மாட்டுனேன். வளைவுல ரெண்டு பின்சக்கரமும் சேந்து இழுக்கும். ஞாயித்துக்கிழமை ரேஸுங்க. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, நீங்க எட்டைப் போடுங்க."

"சரிங்க தம்பி" என்று அவள் அடுத்த எட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிறன்று முதல் வளைவிலேயே சசிதரின் கார் கடகடவென்று உதறி, சுழன்று, புல்லுக்குள் போய் நின்றது. ஜெயித்தது ஒரு பழைய கார். அதை ஓட்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்; மில் மைதானத்தில் எட்டு போட்ட அதே அக்கா.

வெங்கடலட்சுமி அருகே வந்தாள்.

"எம்பட வண்டியிலயும் அதே டிஃபரன்ஷியல்தானுங்க புதுசா மாட்டியிருக்கு. உள்ள இருக்கற தட்டுக ஒண்ணோடொண்ணு உரசிப் பழகோணும்னுதான் அன்னைக்கு மெதுவா எட்டு எட்டா சுத்துனேன். பழகலீன்னா வளைவுல உதறிப்போடுமுங்க. ஏனுங்க தம்பி, நீங்க எட்டு போடலீங்களா?"