சாக்கின் மடிந்த மூலை

பச்சை வலைப் பந்தலுக்கு வெளியே, நாலு மணி வெயிலில், காலையில் விரித்த சாக்கு கிடக்கிறது. அதன்மேல் காட்டு மிளகு விதைகள் சுருங்கியிருக்கின்றன. நாற்றுப் பண்ணை நடத்தும் அழகுமீனா ஒன்றை நகத்தால் கீறுகிறாள். உள்ளே ஈரமில்லை. "இது என்ன வெடியா, காயப்போட? நெழல்ல வளருற கொடி. ஈரத்தோடயே ஊண்டணும்னு சொன்னேன்ல?" பொன்மணி வேலைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. நகக்கண்ணில் வெள்ளிப் பொடி இன்னும் போகவில்லை. "எட்டு வருசம் பட்டாசுக் கம்பெனியில இருந்தேன்க்கா. எதக் கண்டாலும் கை வெயிலத்தான் தேடுது." "என்னையத் தூக்கிக் காயப்போடாம விட்டியே." பொன்மணி சிரிக்கவில்லை. "மலையில இந்த மிளகுப் பழம் இன்னும் இருக்குமாக்கா?" "இனி அடுத்த வருசந்தான்." "அப்ப நாளைக்கு நான் வரவா, வேண்டாமா?" அழகுமீனா சாக்கை உதறக் குனிகிறாள். காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலையை மடித்துக் கல் வைத்திருக்கிறது. கல்லைத் தள்ளி மடிப்பைப் பிரிக்கிறாள். உள்ளே ஒரு கைப்பிடி விதை, ஈரம் காயாமல். அதை அள்ளி உள்ளங்கையில் ஏந்துகிறாள். பொன்மணி நகர்ந்து வெயில் பக்கமாக வந்து நிற்கிறாள். அவளுடைய நிழல் அந்தக் கையின்மேல் விழுகிறது. "அப்படியே பந்தல் வரைக்கும் கூட வா," என்கிறாள் அழகுமீனா.